காய்ச்சல் வாய்தா

குமாஸ்தா: ஆச்சி, இன்றைக்கும் வாய்தா போட்டாயிற்று. அடுத்த மாதம் 23ஆம் தேதி வாருங்கள். நூறு ரூபாய் கொடுங்கள்.

ஆச்சி: எதற்கு?

குமாஸ்தா: வாய்தாவுக்குத்தான்.

ஆச்சி: வாய்தா கேட்டவன் எதிர்த்தரப்பு. அவன் தின்ற இட்லிக்கு நான் காசு கொடுப்பதா?

குமாஸ்தா: கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேனே, ஆச்சி.

ஆச்சி: தூக்கினாய். பிரித்தாயா? பொங்கலுக்கு முன்னால் போட்ட நாடா முடிச்சு அப்படியே இருக்கிறது. முடிச்சுக்குள் ஒரு பாச்சை செத்துக் கிடக்கிறது.

குமாஸ்தா: கோர்ட் விவகாரம் உங்களுக்குப் புரியாது. வாய்தா என்றால் என்னவென்று தெரியுமா?

ஆச்சி: தெரியாமல் என்ன? வாய், தா. வக்கீல் வாயைத் திறப்பதற்கு நாம் தருவது.

குமாஸ்தா: அது தமிழே இல்லை, ஆச்சி. அரபிச் சொல். உருது வழியாக நம் கோர்ட்டுக்கு வந்தது. வாக்குக் கொடுப்பது என்று அர்த்தம்.

ஆச்சி: வாக்கா! யாருக்கு யார் கொடுத்தது?

குமாஸ்தா: இன்ன தேதியில் விசாரிக்கிறோம் என்று...

ஆச்சி: அந்தத் தேதிதானே இன்று?

குமாஸ்தா: எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல்.

ஆச்சி: கேன்டீனில் வடை தின்றுகொண்டிருக்கிறாரே, அந்தக் காய்ச்சலா?

குமாஸ்தா: காய்ச்சலில் வாய் கசக்கும்.

ஆச்சி: கெட்டிச் சட்டினி கேட்டு வாங்குகிறார். நன்றாகவே கசக்கிறது போலிருக்கிறது.

குமாஸ்தா: கவலைப்படாதீர்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 17 என்று ஒன்று இருக்கிறது. விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. 2002இலிருந்து அமலில் இருக்கிறது.

ஆச்சி: மூன்றா? வழக்குப் போட்டபோது என் பேரனுக்குப் பால்பல். இப்போது அவன் சவரம் செய்துகொள்கிறான்.

குமாஸ்தா: விசாரணை தொடங்கினால்தானே அந்தக் கணக்கு? நமக்கு இன்னும் தொடங்கவே இல்லையே!

ஆச்சி: நல்ல சட்டம். அரபிக்காரர்கள் வேறு என்ன கொடுத்தார்கள்?

குமாஸ்தா: வக்கீல், ஜாமீன், அமீனா, எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். அமீன் என்றால் நம்பிக்கைக்கு உரியவர்.

ஆச்சி: பக்கத்து வீட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனாரே, அவரா?

குமாஸ்தா: அவரேதான். வசூலும் அரபிதான். வந்து சேர்வது என்று பொருள்.

ஆச்சி: அந்த ஒரு சொல்தான் இன்னும் பொருள் மாறாமல் இருக்கிறது.

குமாஸ்தா: மெதுவாகப் பேசுங்கள், ஆச்சி. டவாலி பார்க்கிறார். காய்ச்சல் யாருக்கும் வருவதுதானே?

ஆச்சி: போன தடவையும் காய்ச்சல். அதற்கு முந்தின தடவை அவருடைய ஜூனியருக்குக் காய்ச்சல். இந்தக் கட்டடத்துக்கே மருந்தடிக்க வேண்டும். தம்பி, எங்கள் ஊரில் நிலத்தீர்வைக்குப் பெயரே வாய்தாதான். தெரியுமா உனக்கு?

குமாஸ்தா: தீர்வைக்கா?

ஆச்சி: ஆமாம். கர்ணம் வாசலில் வந்து நிற்பார். ஒரு வருஷம் மழை இல்லை. இன்னும் பத்து நாள் பொறுங்கள் என்று என் மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார். வாய்தா என்றால் வாய்தாதான் என்றுவிட்டார்கள். உழவுமாட்டை விற்றுக் கட்டினோம். நாங்கள் சர்க்காருக்குக் கொடுக்கும்போது வாய்தா என்றால் தவறக் கூடாத நாள். சர்க்கார் எங்களுக்கு நியாயம் கொடுக்கும்போது அதே வாய்தா தவறுவதற்கென்றே வைத்த நாள்.

குமாஸ்தா: அந்தக் கர்ணம் பதவியைத்தான் 1980இலேயே ஒழித்துவிட்டார்களே, ஆச்சி.

ஆச்சி: ஒழித்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில் ஜப்திக்கு வந்த ஆட்களில் ஒருவனுக்குக்கூடக் காய்ச்சல் வந்ததில்லை.