யோசனைப் பெட்டி வேண்டாம், பதில் தேதி வேண்டும்

ஒரு நிறுவனத்தில் புத்தாக்கம் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்க, ஹேக்கத்தான் என்கிற புத்தாக்கப் போட்டி எத்தனை நடந்தது என்று எண்ணத் தேவையில்லை. கீழ்மட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கடைசியாகச் சொன்ன யோசனைக்கு எத்தனை நாளில் பதில் வந்தது என்று விசாரித்தாலே போதும்.

தொழிலாளர்கள் சிறு குழுவாகக் கூடி வேலையை மேம்படுத்த யோசிக்கும் தரக் கட்டுப்பாட்டு வட்டங்கள் 1980களின் தொடக்கத்திலேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்டன. ஆக, யோசனை கேட்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. கேட்கும் விதத்தில்தான் கோளாறு. 'ஆளுக்கு வருடத்துக்கு இரண்டு யோசனை' என்று இலக்கு வைத்தால், கெடு முடியும் வாரத்தில் 'இங்கே ஒரு குப்பைத்தொட்டி வைக்கலாம்' என்கிற ரகம்தான் வந்து குவியும். படிவம் ஆங்கிலத்தில், அதுவும் கடவுச்சொல் போட்டுத் திறக்கும் தளத்தில் இருந்தால், இயந்திரத்தை நாள் முழுக்கத் தொட்டுப் பார்க்கிறவர் அந்தப் பக்கமே வரமாட்டார். வாட்ஸ்அப்பில் தமிழிலோ வங்காளத்திலோ ஒரு நிமிடக் குரல் பதிவு, கூடவே ஒரு படம்: இது போதும். ஐந்து வேலை நாளுக்குள் 'செய்து பார்க்கிறோம்', 'முடியாது, காரணம் இது' என்று இரண்டில் ஒரு பதில் போக வேண்டும். 'பரிசீலிக்கிறோம்' என்பதைப் பதில் கணக்கில் சேர்க்கக் கூடாது.

துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம். பெட்டி கட்டும் மேசைக்கும் லேபிள் பிரிண்டருக்கும் ஆறு எட்டு வைத்து நடக்கும் தூரம். பிரிண்டரைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கலாம் என்கிறார் ஒருவர். எல்லா மேசையையும் உடனே மாற்ற வேண்டியதில்லை, ஒரு மேசை போதும். முதலில் எதையும் நகர்த்தாமல் ஒரு வாரம், மணிக்கு எத்தனை பெட்டி, எத்தனை தவறான லேபிள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிரிண்டரை நகர்த்தி இரண்டு வாரம் அதே கணக்கை எடுங்கள். செலவு 300 வெள்ளிக்குள் அடங்கினால் மேற்பார்வையாளரே ஒப்புதல் தரலாம், மேலிடத்துக்குப் போக வேண்டியதில்லை. தவறான லேபிள் தொடர்ந்து இரண்டு நாள் கூடினால் பழைய இடத்துக்கே மாற்றிவிடுவது என்பதையும் தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும்.

இதில் சறுக்குவது பெரும்பாலும் கணக்கெடுப்பில்தான். சோதனை மேசையில் இருப்பதிலேயே கெட்டிக்காரரை நிறுத்துவார்கள். அல்லது நவம்பர் 11 இணையத் தள்ளுபடி விற்பனை நெரிசலில் ஒரு வாரத்தையும் சீனப் புத்தாண்டுக்குப் பிந்திய மந்தத்தில் இன்னொரு வாரத்தையும் அளந்துவிட்டு ஒப்பிடுவார்கள். அந்த எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

இதைவிட மோசமானது சோதனை வென்ற பிறகு நடப்பது. மணிக்கு 40 பெட்டி கட்டியவர் 46 கட்டுகிறார் என்றால், மறுமாதமே இலக்கு 46 ஆகிவிடும். யோசனை சொன்னவருக்கு ஒரு பரிசுக் கூப்பன், உடன் வேலை செய்கிறவர்களுக்குக் கூடுதல் சுமை. அடுத்த யோசனையை அவரே சொல்ல மாட்டார். சொல்ல வந்தாலும் பக்கத்து மேசைக்காரர் விடமாட்டார். குறைந்தது ஆறு மாதத்துக்கு இலக்கைத் தொடாதீர்கள், மிச்சமான நேரத்தில் ஒரு பகுதியை அந்தக் குழுவுக்கே விடுங்கள், பரிசையும் குழுவுக்கே கொடுங்கள். ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இன்னொரு பயமும் உண்டு: 'இந்த வேலைக்கு மூன்று பேர் தேவையில்லை' என்று தன் வாயாலேயே சொன்னால், ஊருக்குத் திரும்பும் மூன்றாமவர் தானாகவே இருக்கலாம். யோசனையால் யாருக்கும் வேலை போகாது என்று எழுத்தில் தராத முதலாளிக்கு, தொழிலாளி வாய் திறப்பதில்லை என்று குறைப்பட நியாயமே இல்லை.

தோற்ற சோதனைக்கும் ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரித்துக் கிடைக்கும் நியூவாட்டரை நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அதற்காக 1974-இல் போட்ட முதல் முன்னோடி ஆலை அடுத்த ஆண்டே மூடப்பட்டது. சவ்வு வடிகட்டிகளின் விலை கட்டுப்படியாகவில்லை, அவற்றை நம்பவும் முடியவில்லை. 1990களில் விலை இறங்கி, தொழில்நுட்பமும் தேறியபின், 1998-இல் ஆய்வு மறுபடி தொடங்கியது. 2000-இல் பிடோக்கில் நாளுக்கு 10,000 கனமீட்டர் தரும் செயல்விளக்க ஆலை வந்தது, 2003-இல் விநியோகம் தொடங்கியது. ஏன் நின்றது என்று தெரிந்தால்தானே எது மாறினால் மறுபடி எடுக்கலாம் என்று தெரியும்? உங்கள் ஒரு பக்கத்திலும் அந்த இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும். ஆண்டு மதிப்பீட்டில் தோல்விக்காக யாருக்கும் மதிப்பெண் குறைக்காதீர்கள். நிறுத்த வேண்டிய நாளில் நிறுத்தாமல் இழுத்தடித்ததற்கு வேண்டுமானால் குறையுங்கள்.

300 வெள்ளியில் அடங்காத பெரிய யோசனைக்கு, பலதுறைத் தொழிற்கல்லூரி அல்லது தொழில்நுட்பக் கல்விக் கழகத்துடன் சேர்ந்து செய்யும் வழி உண்டு. 2023 வரவுசெலவுத் திட்டத்தில் வந்த சலுகைப்படி, இப்படிப்பட்ட புத்தாக்கத் திட்டங்களில் ஆண்டுக்கு 50,000 வெள்ளி வரையிலான தகுதியுள்ள செலவுக்கு 400 விழுக்காடு வரிக் கழிவு கிடைக்கும், அதாவது வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து அந்தச் செலவைப் போல நான்கு மடங்கைக் கழித்துக்கொள்ளலாம். 2028 மதிப்பீட்டு ஆண்டு வரை இது நடப்பில் இருக்கும். எந்தச் செலவு தகுதி பெறும் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.