டிரைவர் எழுதுபவர்களே, சாதனம் சொல்லும் நீளத்தை அளந்து பாருங்கள்

அரிசி மூட்டையில் 50 கிலோ என்று அச்சடித்திருந்தாலும் தராசில் ஏற்றிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். நெட்வொர்க் டிரைவர், அதாவது நெட்வொர்க் சாதனத்தை இயக்கும் மென்பொருள், எழுதும்போது மட்டும் அந்த வழக்கத்தை மறந்துவிடுகிறோம்.

லேன் போர்ட் இல்லாத லேப்டாப்புக்கு யுஎஸ்பி ஈதர்நெட் டாங்கிள் வாங்குகிறோம் அல்லவா, அவற்றில் பலவற்றுக்குள் இருப்பது ஏஎக்ஸ்88179 வகைச் சிப். அது நெட்வொர்க்கில் வரும் பல பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, ஒரே கட்டாகக் கட்டிக் கணினிக்கு அனுப்பும். மொத்தம் எத்தனை பாக்கெட், அவற்றின் நீளப் பட்டியல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் கட்டின் கடைசி 4 பைட்டில் எழுதி வைக்கும். லினக்ஸ் டிரைவர் அந்த எண்களை அப்படியே நம்பியது. பட்டியல் பஃபருக்குள்தான் (வந்த கட்டை வைத்திருக்கும் நினைவகப் பகுதி) இருக்கிறதா, பாக்கெட்டின் நீளம் அதற்குள் அடங்குமா என்று ஒழுங்காகப் பார்க்கவில்லை. 2022 தொடக்கத்தில் பாதுகாப்பு ஆய்வாளர் யான் ஹார்ன் இதைச் சரிசெய்தார். பொய் நீளம் சொல்லும் ஒரு சாதனம் ஐசிஎம்பிவி6 பிங் ("இருக்கிறாயா?" என்று கேட்கும் பாக்கெட்) அனுப்பினால், வரும் பதிலில் கெர்னல் ஹீப்பில், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி பயன்படுத்தும் நினைவகத்தில், கிடந்த தரவும் சேர்ந்து வெளியே போகிறது என்பதைச் சோதித்துப் பார்த்தே எழுதியிருந்தார்.

"யார் வந்து இப்படி ஒரு டாங்கிளைச் செருகப் போகிறார்கள்?" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கெட்ட எண்ணம் கொண்ட சாதனம்தான் வேண்டும் என்பதில்லை, பழுதான சாதனமும் தப்பான எண்ணைத் தரும். அப்புறம், செருகவே தேவையில்லாத கதையும் உண்டு. 2019 அக்டோபரில் வெளிவந்த ரியல்டெக் வைஃபை டிரைவர் பிழையில், 2 இடம் மட்டுமே உள்ள அணிக்குள் (array) காற்றில் வந்த தகவல் சொன்ன எண்ணிக்கைப்படி எழுதிக்கொண்டே போனார்கள். மேல்வரம்பு கிடையாது.

சரி, நீளத்தைச் சோதிக்க ஒரு இஃப் போட்டால் தீர்ந்ததா? ஆர்என்டிஐஎஸ் என்ற நெறிமுறையில் பேசும் யுஎஸ்பி வைஃபை சாதனங்களுக்கான டிரைவரில் சோதனை ஏற்கெனவே இருந்தது. ஆனால் சாதனம் தரும் குறியில்லா எண்ணை (எதிர்ம மதிப்பே இல்லாதது) குறியுள்ள மாறியில் (எதிர்ம மதிப்பும் ஏற்பது) வாங்கினார்கள். பெரிய எண் வந்தால் அது எதிர்ம எண்ணாக மாறிச் சோதனையைத் தாண்டிவிடும். 2023 ஜனவரியில்தான் அது அடைபட்டது. தொடக்க இடத்தையும் நீளத்தையும் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடுவதும் இதேபோல் ஆபத்து, கூட்டுத்தொகை மாறியில் அடங்காமல் வழிந்து சிறிய எண்ணாகிவிடலாம். முதலில் தொடக்க இடம் மொத்தத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மொத்தத்திலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தோடு நீளத்தை ஒப்பிடுங்கள். எல்லாம் குறியில்லா எண்களாக இருக்கட்டும்.

"கேஏசான் போட்டு ஓட்டினோம், ஒன்றும் வரவில்லை" என்பதும் எனக்குப் போதாது. கேஏசான் என்பது கெர்னலில் நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவி. வரம்பு மீறிய அணுகல் உண்மையில் நடந்தால்தான் கேஏசான் பிடிக்கும். நம் மேசையில் இருக்கும் டாங்கிள்கள் எல்லாம் ஒழுங்கானவை, அவை பொய் நீளம் சொல்வதே இல்லை. அந்தப் பாதை ஓடவே ஓடாது. பொய் சொல்லும் சாதனத்தை நாமே உருவாக்க வேண்டும். 2020இல் வந்த 5.7 கெர்னலிலிருந்து ரா கேட்ஜெட் என்ற வசதி இருக்கிறது, அதை வைத்து மென்பொருளிலேயே போலி யுஎஸ்பி சாதனம் செய்து எந்த எண்ணை வேண்டுமானாலும் அனுப்பலாம்.

பேட்ச் ரிவ்யூ செய்பவர்களிடம், அதாவது மற்றவர்கள் அனுப்பும் நிரல் திருத்தங்களைச் சரிபார்ப்பவர்களிடம், ஒரு வேண்டுகோள். நீளச் சோதனை சேர்க்கும் பேட்ச் வந்தால் "சின்ன திருத்தம்" என்று உடனே ஒப்புதல் கொடுக்காதீர்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது, இதே வரிகள் வேறு எந்த டிரைவருக்கு நகலாகிப் போயிருக்கின்றன என்று எழுதியவரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.