மார்வினுக்கு போன் போடும் நாள்

போன சனிக்கிழமை நண்பர் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பண்டம் சமைத்துக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் விருந்து. மிச்சிகன் குளிர்காலத்தில் வேறென்ன செய்வது, யாராவது ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில் பத்துக் குடும்பம் கூடி தயிர்சாதம் சாப்பிட வேண்டியதுதான். பேச்சு லேஆஃப் பக்கம் திரும்பியது. இப்போதெல்லாம் எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் அங்கேதான் போய் நிற்கிறது. அப்போது ஒருவர், நல்ல மனிதர்தான், பதினைந்து வருடப் பழக்கம், சொன்னார்: "வேலை போனவனுக்கு அரசாங்கம் காசு கொடுத்துக்கிட்டே இருந்தா எவன் சார் வேலைக்குப் போவான்? குந்தித் தின்றால் குன்றும் மாளும்." சுற்றியிருந்த நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் வத்தக்குழம்பு இருந்தது, வீட்டுக்காரர் மனம் கோணக்கூடாது என்றும் இருந்தது. அங்கே விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

2009, 2010இல் நாங்கள் டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் அறுபதை நெருங்கும் ஒரு வெள்ளைக்காரர். கார் உதிரிபாகம் செய்யும் ஆலையில் அச்சு செய்யும் தொழிலாளி, முப்பது வருட சர்வீஸ். கிரைஸ்லரும் ஜிஎம்மும் திவால் மனு கொடுத்த வருடம் அது, ஏப்ரல் கடைசியில் ஒன்று, ஜூன் முதல் தேதி மற்றொன்று. பெரிய ஆலைகளுக்கே அந்த நிலைமை என்றால் அவற்றை நம்பிப் பிழைத்த சின்ன ஆலைகளைச் சொல்ல வேண்டுமா. அதற்கெல்லாம் முன்னால், ஜனவரியிலேயே இவருக்குச் சீட்டு கொடுத்துவிட்டார்கள். மிச்சிகனில் வேலையில்லாதவர்கள் விகிதம் 14 சதவீதத்தைத் தாண்டிய வருடம்.

வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை வர வேண்டுமானால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவர் 'மார்வின்'உடன் பேச வேண்டும். மார்வின் ஆள் இல்லை, மாநில அரசின் தானியங்கித் தொலைபேசி. வேலை செய்யும் உடல்நிலையில் இருக்கிறீர்களா, வேலை தேடினீர்களா, இந்த இரண்டு வாரத்தில் ஏதாவது சம்பாதித்தீர்களா என்று கேட்கும், எண்ணை அமுக்கிப் பதில் சொல்ல வேண்டும். தப்பாக ஒன்றை அமுக்கினால் காசு நின்றுவிடும். கராஜ் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு விரலால் எண்ணெண்ணாக அமுக்குவார். வீட்டுக்குள்ளிருந்து ஏன் பேசுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். மனைவி கேட்க வேண்டாமே என்றார். முப்பது வருடம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குக் கணக்குப் பார்த்த கை அது.

அந்த 'குன்று' எவ்வளவு பெரியது என்றும் சொல்லிவிடுகிறேன். மிச்சிகனில் அப்போது வாரத்துக்கு அதிகபட்சம் 362 டாலர். 2002இல் வைத்த உச்சவரம்பு. நாடு முழுக்க சராசரி அப்போது 300 டாலர் சுமார். வீட்டுக் கடன், மருத்துவக் காப்பீடு, ஜனவரி மாத ஹீட்டிங் பில், இவ்வளவும் அதற்குள். குந்தித் தின்ன குன்று வேண்டாமா முதலில்?

சரி, சண்டைக்கு வருகிறேன். சாதாரண காலத்தில் இந்த உதவி அப்போது பெரும்பாலும் 26 வாரம். மந்தம் வந்தால் மத்திய அரசு கூடுதல் வாரங்களைச் சேர்க்கும். 2009 நவம்பரில் அது ஏறி ஏறி, வேலையின்மை அதிகமுள்ள மாநிலங்களில் 99 வாரம் வரை போனது. 99 வாரம் என்றதும் "ரெண்டு வருஷம் சும்மா காசா" என்று எல்லோரும் வாயைப் பிளக்கிறோம். ஆனால் அந்த 99ஐ யாரும் யாருக்கும் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. முதல் 26 வாரத்துக்கு மேல் 20 வாரம், 14 வாரம், 13 வாரம், 6 வாரம், கடைசியில் இன்னொரு 20 வாரம் என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் சட்டம் அப்போது உயிரோடு இருந்தால்தான் அடுத்த படி. அந்தச் சட்டத்தையோ அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இரண்டு மாதம், ஒரு மாதம் என்று தவணை முறையில் நீட்டிக்கொண்டிருந்தது. ரேஷன் கடையில் "நாளைக்கு வா" என்பார்களே, அது மாதிரி.

இதில் என்னை இன்றும் ஆத்திரப்படுத்துவது 2009 நவம்பர் ஓட்டெடுப்பு. செனட்டில் 98-0. எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை. அப்படியானால் ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டும் இல்லையா? பல வாரம் இழுத்தார்கள், அதில் வேறு திருத்தங்களைச் சொருகுவது பற்றிய தகராறில். யாருக்கும் ஆட்சேபம் இல்லாத ஒரு காரியத்துக்கே அந்தக் கதி.

அப்புறம் 2010 பிப்ரவரி. கென்டக்கி செனட்டர் ஜிம் பன்னிங். பழைய பேஸ்பால் வீரர், அந்த விளையாட்டின் புகழ்மண்டபத்தில் இடம் பிடித்தவர். 30 நாள் நீட்டிப்பை ஒற்றை ஆளாக மறித்து நின்றார். ராத்திரி நேரம் தாண்டியும் விவாதம் போனபோது, தன் ஊர் அணியின் கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் போனதே என்று சபையிலேயே குறைப்பட்டுக்கொண்டார். அதை வைத்து ஊரே அவரைக் கிழித்தது. நானும் கிழித்தேன். ஆனால் அவர் சொன்ன வாதம் முட்டாள்தனமானது அல்ல என்று இப்போது தோன்றுகிறது. இதற்கு 1,000 கோடி டாலர் ஆகும், எல்லோரும் ஆதரிக்கிற இந்தத் தொகைக்கே வழி காட்ட முடியவில்லை என்றால் வேறு எதற்குக் காட்டப்போகிறீர்கள், பொருளாதார ஊக்கத்திட்டத்தில் செலவாகாமல் கிடப்பதிலிருந்து எடுங்கள் என்றார். பட்ஜெட் பற்றாக்குறை லட்சம் கோடி டாலரைத் தாண்டியிருந்த நேரம். நியாயமான கேள்விதான். கேட்ட இடம்தான் தப்பு: எல்லாச் செலவையும் விட்டுவிட்டு இந்த ஒரு வரியில் கையை வைத்தது.

அந்த மார்ச்சிலேயே அரிசோனா செனட்டர் ஜான் கைல் பாட்லக் நண்பரின் வாதத்தையே செனட்டில் வைத்தார். உதவித்தொகை புது வேலையை உருவாக்காது, வேலை தேடும் ஆர்வத்தைக் குறைக்கத்தான் செய்யும் என்று. இதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. சான்ஃப்ரான்சிஸ்கோ பெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் அதே வருடம் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நீட்டிப்பே இல்லாவிட்டால் 2009 கடைசியில் வேலையின்மை 10 சதவீதத்துக்குப் பதில் 9.6 ஆக இருந்திருக்கும் என்று வந்தது. 0.4. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தேடுவதையே விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர் 'வேலையில்லாதவர்' பட்டியலில் வரவே மாட்டார். உதவித்தொகைக்காகத் தேடிக்கொண்டே இருப்பவர்தான் வருவார். ஆக அந்த 0.4இல் ஒரு பகுதி சோம்பேறித்தனம் அல்ல, நம்பிக்கையை விடாதவர்கள். மீதி 9.6 எங்கிருந்து வந்தது? காலியாக இருந்த ஒவ்வொரு வேலைக்கும் ஏறக்குறைய ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், அங்கிருந்து வந்தது. ஆறு பேரையும் பட்டினி போட்டு விரட்டினாலும் நாற்காலி ஒன்றுதானே.

மே மாதம் பக்கத்து வீட்டுக்காரர் தன் மீன்பிடிப் படகை விற்றார். ஜூன் 2 அன்று சட்டம் காலாவதியானது. அவருக்கு ஒரு படி முடிந்து அடுத்த படி ஏற வேண்டிய வாரம் ஜூன் நடுவில் வந்தது, ஏற முடியவில்லை. மார்வின் கேள்வியெல்லாம் வழக்கம்போலக் கேட்டது. காசு வரவில்லை.

அந்த ஏழு வாரம் வாஷிங்டனில் நடந்ததை நினைத்தால் இப்போதும் நம்ப முடியவில்லை. செனட்டில் விவாதத்தை முடித்து ஓட்டுக்கு விடவே 60 பேர் வேண்டும். குடியரசுக் கட்சியில் மெய்ன் மாநிலத்தின் இரண்டு பெண் செனட்டர்கள், ஸ்னோவும் காலின்ஸும், ஆதரவு. ஜனநாயகக் கட்சியின் பென் நெல்சன் எதிர்ப்பு. ஒரு ஓட்டு குறைகிறது. ஜூன் 28 அன்று மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட் 92 வயதில் காலமாகிறார். அவர் இடத்துக்கு ஆள் வரும்வரை நாடே காத்திருந்தது. ஜூலை 20 அன்று கார்ட் குட்வின் என்ற 36 வயதுக்காரர் பதவியேற்றார், அன்றைக்கே ஓட்டு, 60-40. 22ஆம் தேதி ஒபாமா கையெழுத்து. செலவு 3,400 கோடி டாலர் சுமார். இடையில் காசு நின்றவர்கள் ஏறக்குறைய 25 லட்சம் பேர். பாக்கியைச் சேர்த்துக் கொடுத்தார்கள்தான். ஆனால் வங்கியும் வாடகை வீட்டுக்காரரும் செனட்டர் பதவியேற்கும்வரை பொறுத்துக்கொள்வார்களா?

சரி, காசுக்கு வழி இல்லை என்பதுதான் பிரச்சினை என்றால் அதே வருடம் டிசம்பரைப் பாருங்கள். புஷ் காலத்து வரிச் சலுகைகள் முடிய வேண்டிய நேரம். வருடம் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு அதை நிறுத்த ஒபாமா நினைத்தார், முடியவில்லை. பேரம் நடந்தது. எல்லோருக்கும் சலுகை இரண்டு வருடம் தொடரும், 50 லட்சம் டாலர் வரையான சொத்துக்குப் பரம்பரை வரி கிடையாது, பதிலுக்கு வேலையில்லாதவர்களுக்கு 13 மாத நீட்டிப்பு. மொத்தம் 85,800 கோடி டாலர். அதில் வேலையில்லாதவர்கள் பங்கு 5,600 கோடி சொச்சம். ஜூலையில் 3,400 கோடிக்கு எங்கிருந்து எடுப்பாய் என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் டிசம்பரில் 85,800 கோடிக்கு அதைக் கேட்கவில்லை. பன்னிங்கின் கேள்வி அன்றைக்கு எங்கே போனது?

அதே சமயம் என் பக்கத்து ஆட்களும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 2021 கோடையில் நிலைமை தலைகீழ். எங்கு பார்த்தாலும் 'ஆள் தேவை' பலகை, மத்திய அரசோ வாரம் 300 டாலர் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. பாதி மாநிலங்கள் செப்டம்பர்வரை காத்திராமல் முன்கூட்டியே நிறுத்தின. அப்போது நண்பரின் வாதத்துக்கு 2010ஐவிட வலு இருந்தது. நிறுத்திய மாநிலங்களில் கூட்டம் கூட்டமாக வேலைக்கு ஓடினார்களா என்றால் அதுவும் பெரிதாக இல்லை. ஆனால் விவாதிக்கத் தகுந்த விஷயம்தான் அது. மழைக்காலத்து நியாயத்தை வெயில் காலத்திலும், வெயில் காலத்து நியாயத்தை மழையிலும் பேசுவதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

நம் ஆட்கள் தலையாட்டியதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம்மில் பலருக்கு இந்தக் காசு கிடைத்ததே இல்லை. நான் அப்போது எச்1பி வேலை விசாவில் இருந்தேன். இந்த உதவித்தொகைக்கான வரியை என் சம்பளத்தை வைத்தும் கம்பெனி கட்டியது. வேலை போனால் எனக்கு ஒரு டாலர் வராது, விசா போய்விட்டால் வேலைக்குத் தயாராக இருப்பவன் என்று மார்வினிடம் சொல்ல முடியாதே. வேலை போன பிறகு நாட்டில் தங்க 60 நாள் அவகாசம் என்பதே 2017 ஜனவரியில்தான் விதியாக வந்தது, அதற்கு முன் ஒரு நாளும் கிடையாது. எனக்குக் கிடைக்காதது இவனுக்கு எதற்கு என்ற ஒரு கடுப்பு அடியில் இருக்கும். எனக்கும் இருந்தது. அந்தக் கடுப்பைக் கொள்கை என்று பேசக்கூடாது, அவ்வளவுதான்.

மோசடி என்பார்கள் அடுத்து. எங்கள் மாநில அரசு 2013இல் மோசடிக்காரர்களைப் பிடிக்க ஒரு கணினி அமைப்பைக் கொண்டுவந்தது. இரண்டு வருடத்துக்குள் சுமார் 40,000 பேரைத் தப்பாகக் குற்றவாளியாக்கியது. பிறகு மறுபரிசீலனை செய்த 22,000 வழக்குகளில் 93 சதவீதம் தப்பு என்று தெரிந்தது. அதற்குள் வரி ரீஃபண்டைப் பிடித்தார்கள், சம்பளத்தில் கை வைத்தார்கள். சந்தேகத்தை இயந்திரத்திடம் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

என் கருத்து இதுதான். எத்தனை வாரம் என்பதை ஒவ்வொரு முறையும் ஓட்டுக்கு விடக்கூடாது. வேலையின்மை இவ்வளவு ஏறினால் இத்தனை வாரம், இறங்கினால் தானாகக் குறையும் என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை, 1970இலிருந்தே அப்படி ஒரு ஏற்பாடு அமெரிக்காவில் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு கோணல். விகிதம் உயரமாக இருந்தால் மட்டும் போதாது, முந்தைய வருடங்களைவிட உயர்ந்திருக்கவும் வேண்டும். மூன்று வருடம் 10 சதவீதத்திலேயே கிடந்தால் 'உயரவில்லையே' என்று அது அணைந்துவிடும். 2012இல் பல மாநிலங்களில் அப்படித்தான் அணைந்தது. காய்ச்சல் 103லேயே நிற்கிறது, ஏறவில்லை, அதனால் மாத்திரை வேண்டாம் என்கிற வைத்தியம். அந்த ஒரு வரியைத் திருத்தினால் குடியரசுக் கட்சிக்காரர்கள் கேட்கும் முடிவுத் தேதியும் அதிலேயே வந்துவிடும், நீட்டிப்பு நிரந்தரமாகிவிடுமோ என்ற பயமும் போகும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு 2011 வசந்தத்தில் வேலை கிடைத்தது, பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல், காரில் ஐம்பது நிமிடம். அதே வருடம்தான் எங்கள் மாநிலம் 26 வாரத்தை 20 ஆகக் குறைத்துச் சட்டம் போட்டது. அது மறுபடி 26 ஆனதும், 362 டாலர் 446 ஆனதும் 2025இல்.

அடுத்த பாட்லக் எங்கள் வீட்டில். அந்த நண்பரையும் கூப்பிட்டிருக்கிறேன். இந்த முறை வத்தக்குழம்பு நான்தான் வைக்கிறேன், தட்டு காலியாகும்வரை காத்திருக்க மாட்டேன்.