அக்காவின் உள்ளங்கையில் ஒரு சுற்றுலாப் பயணி

மனித உடலை மலையாகவும் மணல்மேடாகவும் காட்டி, அதன் மேல் விரல்நுனி உயரப் பொம்மைகளை நிறுத்தி எடுக்கும் படங்கள் இப்போது நிறையக் கண்ணில் படுகின்றன. இடுப்பு வளைவில் ஒருவர் பனிச்சறுக்கு ஆடுவார், தொப்புளில் ஒருவர் தூண்டில் போடுவார். பொம்மைகள்தான் மாறுகின்றன, உடல் மாறுவதில்லை. இளம்பெண், வழவழப்பான தோல், ஒரு தழும்பு கிடையாது. இந்த வகைப் படங்கள் மேல் எனக்குப் பைத்தியமே உண்டு. எரிச்சலும் அதனால்தான்.

உடலை நிலமாகப் பார்ப்பது புதிதில்லை. புகைப்படக் கலைஞர் பில் பிராண்ட் 1957இல் இங்கிலாந்தின் ஈஸ்ட் சஸெக்ஸ் கடற்கரையில் ஒரு காதைப் படமெடுத்தார். முன்னால் காது, பின்னால் கூழாங்கல் கரை. பார்த்தால் பாறை ஒதுங்கிக் கிடப்பதாகத்தான் தோன்றும். பொம்மைகளை இதற்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஆலன் டீகர். உளவியல் பேராசிரியராக இருந்தவர், 1970களில் ஆரம்பித்தார். இரண்டு படங்களை ஒட்டும் வேலை இல்லை, நிஜமாகவே உடல்மேல் பொம்மையை வைத்து எடுத்தவை. பொம்மை வந்து நின்றவுடன் நம் பார்வை அதன் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்த உடல், நாம் நடக்க வேண்டிய இடமாகிவிடுகிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கும் பெண்களை டிரோனில் எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். பச்சைக் கடல், நடுவில் வண்ணப் புள்ளிகள். அழகுதான், லைக்கும் குவியும். ஆனால் அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டிக் கிடக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்தெடுக்கும் ஓர் ஆள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள். கரைக்கு வந்து அதை அவிழ்க்கும்போது பாருங்கள்: தோல் வெளுத்துச் சுருங்கி, பாறை கிழித்த கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பழைய கீறல் மேலேயே புதுக் கீறல். கேமராக்காரன் கண்ணுக்கு இதைவிட நல்ல நிலப்பரப்பு எங்கே கிடைக்கும்?

அப்படி ஒரு அக்காவின் உள்ளங்கையில், பெட்டி தூக்கிய வெள்ளைக்காரப் பொம்மை ஒன்றை நிறுத்தினேன். ரயில் மாடல்களுக்காகச் செய்யும் பொம்மை, 87இல் ஒரு பங்கு அளவு, ஆள் இரண்டு சென்டிமீட்டர்தான். அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "யாரு தம்பி இவுக? என் கையில ரோடு போட்டிருக்குன்னு வந்துட்டாகளா?" என்றார். இப்போது டிரோன் கணக்கு தலைகீழ். அவர் நிலம், வேடிக்கை பார்க்க வந்தவன் புள்ளி.

வேலை என்னவோ லேசில்லை. கேமரா பொம்மையின் முழங்கால் மட்டத்துக்குத் தணிய வேண்டும், இல்லாவிட்டால் கை வெறும் கையாகவே தெரியும். அவ்வளவு கிட்டப் போனால் ஃபோகஸ் ஒரு நூலிழைதான். லென்ஸின் துளையை எஃப் 16 வரை சுருக்கி வைத்தாலும் பொம்மை தெளிவாக இருக்கும்போது விரல்நுனி மங்கும். ஃபோகஸை மாற்றி மாற்றிப் பல படம் எடுத்துச் சேர்க்கலாம், ஆனால் உயிருள்ள கை அசையும். அதனால் கையை வள்ளத்தின் விளிம்பில் தாங்கலாக வைக்கச் சொல்வேன். உச்சி வெயிலில் எல்லாக் கோடும் அழிந்துவிடும். காலையில் சாய்ந்து விழும் வெயில்தான் ஒவ்வொரு கீறலுக்கும் நிழல் தரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பொம்மை நிற்காது. காலடியில் பொட்டு மெழுகு வைத்துத் தப்பிக்கிறேன்.

"துணியில்லாமல் எடுத்தால்தான் அது கலை" என்று ஒரு நண்பர் பாடம் எடுத்தார். நிர்வாணத்தோடு எனக்குச் சண்டை இல்லை, எடுப்பவர்கள் எடுக்கட்டும். ஆனால் கரையில் சட்டையில்லாமல் உட்கார்ந்து வலை பொத்தும் தாத்தாவின் முதுகும், பித்தவெடிப்பு பிளந்த குதிகாலும், தூண்டில் நரம்பு இழுத்து இழுத்துத் தடம் விழுந்த ஆள்காட்டி விரலும் இருக்கும்போது, அந்தப் பக்கம் போகத் தோன்றவில்லை.

இன்னொரு விஷயம். முகம் தெரியாது, அதனால் கேட்க வேண்டியதில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். இது எனக்குச் சுத்தமாக ஒப்பாது. கையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடும் ஊர் இது. எடுத்ததைப் போனில் காட்டுவேன், வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழிப்பேன். பிரிண்ட் ஒன்று வீட்டுக்குப் போகும். மாடலிங் ஆளுக்குக் காசு கொடுப்பவர்கள் இந்தக் கைக்கும் கொடுக்கத்தானே வேண்டும்? வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடையில் வாங்கும் பொம்மைகளெல்லாம் கோட்டும் தொப்பியுமாகவே இருக்கின்றன. லுங்கி, தலைத்துண்டு வேண்டுமென்றால் கம்பியில் எம்-சீல் உருட்டி நானே செய்கிறேன். மூக்கு மட்டும் சரியாக வர மாட்டேன் என்கிறது. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் மரத்தில் சின்ன வள்ளம் செதுக்குகிறவர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். நான்கு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தாத்தாவின் முதுகில் அதற்கு இடம் பார்த்து வைத்திருக்கிறேன், அவரும் சம்மதித்துவிட்டார்.