ஏழுக்குக் கீழே எண்ணே கிடையாதா?

பத்துக்கு ஏழு என்றால் என்ன அர்த்தம்? யாராவது எனக்குச் சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடக் கணக்கில் எழுபது மார்க் என்றால் நல்ல பாஸ். வீடியோ கேம் விமர்சகர்களின் கணக்கில் ஏழு என்றால் "பரவாயில்லை, விலை இறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்". ஆறு என்றால் குப்பை. ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் இருக்கிற எண்களுக்கு அங்கே வேலையே இல்லை. சும்மா கிடப்பதற்கு வாடகைக்காவது விடலாம்.

ஆனந்த விகடன் சினிமாவுக்கு மார்க் போட்ட காலத்தைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். 1977-இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு 62.5. அதையே பெரிய சாதனையாகச் சொல்வார்கள். நாற்பதைத் தாண்டினாலே படம் பார்க்கலாம் என்று புரிந்துகொண்டு தியேட்டருக்குக் கிளம்பிய தலைமுறை அது. நூறு மார்க் இருந்தால் கீழே இருக்கிற எண்களையும் பயன்படுத்தினார்கள். அந்த 62.5-ஐக் கொண்டுபோய், பல பத்திரிகைகளின் மார்க்கைச் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுகிற மெட்டாகிரிட்டிக் தளத்தில் வையுங்கள். படமாக இருந்தால் 61-இலிருந்தே பச்சை. கேமாக இருந்தால் 75 தொட்டால்தான் பச்சை. அதற்குக் கீழே ஐம்பது வரைக்கும் மஞ்சள். ஒரே தளம், ஒரே நூறு. படத்துக்கு 'நல்லது' என்று காட்டுகிற அதே எண், கேமுக்கு 'சுமார்'. ஏன் என்று கேட்டால், விமர்சகர்கள் எப்படியும் கேமுக்குத் தாராளமாகத்தான் போடுவார்கள் என்பது தளத்துக்கே தெரியும். தெரிந்துகொண்டு அளவுகோலை நகர்த்தி வைத்திருக்கிறார்கள்!

எந்தப் பத்திரிகையின் மார்க்குக்கு எவ்வளவு எடை கொடுக்கிறார்கள் என்பதையும் வெளியே சொல்வதில்லை. ஆனால் கடைசியில் வருகிற அந்த ஒற்றை எண்ணை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்கொள்கிறோமே, அதுதான் கொடுமை. கோலாலம்பூர் செந்தூலில் 'மாமாக்' என்கிற இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது என் மாமன் மகன் கைப்பேசியை மூக்குக்கு நேரே நீட்டுவான். "தொண்ணூறு லா மச்சான், கண்ண மூடிட்டு வாங்கு." விமர்சனத்தைப் படித்தாயா என்று கேட்டால் சிரிப்பான். யாருமே படிப்பதில்லை. ஆறாம் வகுப்பு முடிவில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வில் எத்தனை 'ஏ' என்று மட்டும் கேட்டு வளர்த்த ஊரில் வேறெப்படி இருக்கும்?

புது பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கேம் ஒன்று இங்கே முந்நூறு வெள்ளியை ஒட்டி விற்கிறது. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆறில் ஒரு பங்கு சம்பளத்தை ஒரு டிஸ்க்கில் போடுகிறவனுக்கு, கேமை ஓசியில் வாங்கி ஆடுகிற விமர்சகர் சொல்கிற வார்த்தை கொஞ்சமாவது உதவ வேண்டாமா?

போன தீபாவளிக்கு பண்டிகைக்கு உறையில் போட்டுத் தருகிற அங்பாவ் காசையும் சேர்த்துப் போட்டு ஒரு கேம் வாங்கினேன். பெயர் வேண்டாம். பெரிய பெரிய இடங்களிலெல்லாம் ஒன்பது, ஒன்பதரை. வீட்டுக்கு வந்து போட்டால் முதலில் ஒரு பேட்ச் (பிழைகளைத் திருத்துகிற கோப்பு), இறங்கி முடிய நள்ளிரவாகிவிட்டது. அப்புறம் கதை தொடங்கியது. சப்டைட்டில் எழுத்து எறும்பு சைஸ். எங்கள் ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே சாப்பாட்டு மேசை வேறு இருக்கிறது. யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நான் எழுந்து போய் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார வேண்டியிருந்தது. அம்மா வந்து "கண்ணு கெட்டுப்போவும், தள்ளி உக்காருப்பா" என்று திட்டிவிட்டுப் போனார். செட்டிங்ஸில் தேடினேன். எழுத்தைப் பெரிதாக்க வழியே இல்லை. படித்த விமர்சனங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஒளியமைப்பைப் பற்றி ஒரு பத்தி. நாயகனின் மனத்துயரத்தைப் பற்றி மூன்று பத்தி. எழுத்து சைஸ் பற்றி ஒரே ஒரு இடத்தில், கடைசிக்கு முந்தின பத்தியில் பாதி வரி. அந்தப் பாதி வரிக்காக மார்க் குறைந்ததா? ம்ஹும். அந்த விமர்சகர் மேசையில், மானிட்டரை முகத்துக்கு நேரே வைத்து ஆடியிருப்பார்.

ஆன்லைன் பகுதியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நமக்குப் பக்கத்தில் சர்வர் என்றால் பெரும்பாலும் சிங்கப்பூர்தான். அதுவும் இல்லாத கேம் என்றால் ஜப்பானுக்கோ அமெரிக்காவுக்கோ போய்த் திரும்ப வேண்டும். நான் சுடுவதற்குள் எதிராளி என்னைச் சுட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். விமர்சகர்களோ கேம் வெளிவருவதற்கு முன்பே, ஆளில்லாத சர்வரில், சக விமர்சகர்களோடு ஆடிவிட்டு "இணைப்பு சீராக இருந்தது" என்று எழுதுகிறார்கள். சீராக இருக்காமல் என்ன செய்யும்? கூட்டமே இல்லாத நெடுஞ்சாலை அது.

2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 கேம் வந்தபோது நடந்ததை மறந்துவிட்டோமா? முன்கூட்டியே விமர்சகர்களுக்குக் கொடுத்தது கணினிப் பதிப்பு மட்டும். அவர்கள் ஆடிப் பதிவு செய்த காட்சியைக் காட்டவும் அனுமதி இல்லை, நிறுவனம் கொடுத்த காட்சியைத்தான் போட வேண்டும். சரி என்று ஒப்புக்கொண்டு மார்க் போட்டார்கள். மெட்டாகிரிட்டிக்கில் கணினிக்கு 86. பழைய பிஎஸ்4 கன்சோல் வைத்திருந்தவர்கள் அதை நம்பி வாங்கினார்கள். அந்தப் பதிப்புக்கு மார்க் வந்து சேர்ந்தபோது 57. வெளியாகி ஒரு வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதைத் தூக்கியது. திரும்ப வர 2021 ஜூன் ஆயிற்று. "நாங்கள் கன்சோலில் ஆடிப் பார்க்கவில்லை" என்பதைத் தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் போடுவதற்கு என்ன கேடு?

எம்பார்கோ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இன்ன நேரம் வரைக்கும் விமர்சனத்தை வெளியிடக் கூடாது என்று நிறுவனம் போடுகிற தடை. 2014-இல் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டிக்கு அமெரிக்காவில் கேம் விற்பனைக்கு வந்து அரை நாள் கழித்துத்தான் விமர்சனத்துக்கு அனுமதி. காசு கைமாறிய பிறகு கருத்து! உள்ளே ஆட்களின் முகத்தோல் காணாமல்போய்க் கண்ணும் பல்லும் மட்டும் மிதந்த படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின.

இந்த மார்க் யாருக்காக என்று யோசித்தால் எனக்கு இன்னும் எரிகிறது. வாங்குகிறவனுக்காக இல்லை. 2010-இல் ஃபால்அவுட்: நியூ வேகஸ் கேமைச் செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. ஒரே ஒரு மார்க்கில் போனஸ் போச்சு. அதைச் செய்தவர்களில் ஒருவரான கிறிஸ் அவெலோனே 2012-இல் இதை வெளியே சொன்னார். அதற்கு முன்பு, 2007-இல், கேம்ஸ்பாட் என்ற விமர்சனத் தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்ற விமர்சகர் கேன் அண்ட் லிஞ்ச் கேமுக்கு 6.0 போட்டார். அதே கேமின் விளம்பரம் அந்தத் தளம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு வேலை போயிற்று. ஆறு போட்டால் வேலை போகும், 84 போட்டால் இன்னொருவனின் போனஸ் போகும். இப்படி இருக்கும்போது எவர் கை நான்கு போடத் துணியும்? பயத்தில் எட்டு, பரிதாபத்தில் எட்டு, அவசரத்தில் எட்டு.

"அப்படியென்றால் ஆடியவர்கள் போடுகிற மார்க்கைப் பாரேன்" என்பார்கள். பார்த்தேன். அங்கே இரண்டே எண்கள்தான், பூஜ்யமும் பத்தும். 2020-இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமின் இரண்டாம் பாகம் வந்த உடனேயே பூஜ்யத்தைக் கொட்டினார்கள். அதை ஒருவன் முடிக்கவே இருபத்தைந்து மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். ஆடாமலே தீர்ப்பு. அதற்குப் பிறகுதான் வெளியாகி 36 மணி நேரம் கழித்தே பயனர்கள் மார்க் போடலாம் என்று மெட்டாகிரிட்டிக் விதி கொண்டுவந்தது. நம் தமிழ் யூடியூபர்களோ எல்லாவற்றுக்கும் "வேற லெவல்". எல்லாமே வேற லெவல் என்றால் இந்த லெவலில் யார்தான் இருக்கிறார்கள்?

மார்க்கே வேண்டாம் என்று யூரோகேமர் என்ற விமர்சனத் தளம் 2015-இல் நிறுத்திப் பார்த்தது. எனக்குப் பிடித்திருந்தது. 2023-இல் ஐந்து நட்சத்திரத்தோடு திரும்பிவிட்டார்கள். எண் இல்லாமல் எவனும் நின்று படிக்க மாட்டேன் என்கிறான், என் மாமன் மகன் உட்பட.

அந்த தீபாவளி டிஸ்க்கை லோ யாட் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரச் சீனர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மலாயில் "நூறு வெள்ளிதான் பாஸ், இது நிறையத் திரும்பி வருது" என்றார். அலமாரியைக் காட்டினார். அதே அட்டை, வரிசையாக. எனக்குத் தெரிந்து அந்தக் கேமைப் பற்றி உண்மை பேசிய முதல் விமர்சகர் அவர்தான்.

எண் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே எந்த மெஷினில் ஆடினீர்கள், முடித்தீர்களா பாதியில் விட்டீர்களா, எந்த ஊர் சர்வர், டிவியில் எழுத்து தெரிகிறதா என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். மனத்துயரத்தில் ஒரு பத்தியைக் குறைத்துக்கொண்டால் இடம் தாராளமாகக் கிடைக்கும்.