வேலையைக் கொடுக்கிறோம், முடிவைக் கொடுக்கிறோமா?

நிர்வாகப் பயிற்சிகளில் பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தால், பைபிளின் யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். இஸ்ரவேல் மக்களை வழிநடத்திய மோசேக்கு மாமனார் எத்திரோ சொன்ன யோசனை. ஆயிரம் பேருக்கு ஒரு தலைவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பதுக்கு ஒருவர், பத்துக்கு ஒருவர். பலகையில் ஒரு படம் வரைந்து காட்டிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. அந்த அதிகாரத்தின் உயிர் அந்தப் படத்தில் இல்லை.

எத்திரோ வந்தது மகளையும் இரண்டு பேரன்களையும் மருமகனிடம் சேர்ப்பதற்கு. மறுநாள் பார்த்தால், காலையிலிருந்து சாயங்காலம் வரை மோசே ஒருவரே உட்கார்ந்து வழக்கு விசாரிக்கிறார். ஜனங்கள் சுற்றி நிற்கிறார்கள். "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று எத்திரோ முகத்துக்கு நேராகவே சொல்கிறார். அடுத்து வருவதுதான் முக்கியம்: "நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்." மருமகனின் களைப்போடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. காத்து நிற்பவர்களின் களைப்பையும் சேர்த்தே பார்க்கிறார்.

"நான் இல்லாமல் இங்கே ஒன்றும் நகராது" என்று பெருமையாகச் சொல்லும் மேலாளர்கள் கணக்கில் விடுவது இந்த இரண்டாவது களைப்பைத்தான்.

பழுதான பொருளோடு ஒரு வாடிக்கையாளர் வருகிறார். கவுண்டரில் இருப்பவர் பெட்டியைத் திறந்து பார்க்கிறார், பில்லில் தேதியைப் பார்க்கிறார். மாற்றித் தர வேண்டியதுதான் என்று இரண்டு நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் மேலாளர் ஓகே சொல்ல வேண்டும், அவரோ மீட்டிங்கில் இருக்கிறார். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நீல டிக் விழவில்லை. "கொஞ்சம் உட்காருங்க சார்" என்கிறார். முக்கால் மணி நேரம் கழித்து ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது: "ஓகே." அந்த முக்கால் மணி நேரத்தில் மேலாளர் அந்த முடிவோடு புதிதாக என்ன சேர்த்தார்? வாடிக்கையாளர் காத்திருந்தார், ஊழியர் கூசிப்போய் நின்றார், அவ்வளவுதான்.

எத்திரோ கொடுக்கச் சொன்னது முடிவெடுக்கும் உரிமையை. பெரிய காரியங்கள் உம்மிடம் வரட்டும், சிறியவற்றை அவர்களே தீர்க்கட்டும் என்கிறார். அதற்கு முன்பே, சட்டங்களையும் நடக்க வேண்டிய வழியையும் ஜனங்களுக்குக் கற்றுக்கொடு என்கிறார். எது சரி என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தால்தான் வேறொருவர் தீர்ப்பு சொன்னாலும் அது நிற்கும். நாம் விதிமுறையை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "அவனுக்குச் சரியாக முடிவெடுக்கத் தெரியவில்லை" என்கிறோம்.

யூதர்களின் மதச்சட்ட விளக்க நூலான தல்மூத் இதற்கு ஒரு கணக்கே போடுகிறது. மோசேயோடு இருந்த 6,00,000 ஆண்களுக்கு மொத்தம் 78,600 தலைவர்கள். அதில் 60,000 பேர் பத்துப் பேருக்குத் தலைவர்கள். அதாவது, பெரும்பாலான வழக்குகள் பக்கத்துக் கூடாரத்திலேயே முடிந்துவிட வேண்டும் என்பதுதான் இந்த அமைப்பின் நோக்கம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நம் வள்ளுவரிடம் வந்தால், "இதனை இதனால் இவன்முடிக்கும்" குறளை எல்லாரும் சொல்வோம். எனக்கு அதைவிட அவசரமாகத் தோன்றுவது 510ஆம் குறள்: "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்." ஆராயாமல் நம்புவது துன்பம், அது நமக்குத் தெரியும். ஆராய்ந்து நம்பியவனைச் சந்தேகப்படுவதும் அதே அளவு துன்பம் என்கிறார். ஒவ்வொரு மெயிலிலும் தன்னையும் சேர்க்கச் சொல்கிற மேலாளர் செய்வது இந்த இரண்டாவதைத்தான். அப்படியானால் கண்காணிக்கவே கூடாதா என்று கேட்கலாம். "நாடோறும் நாடுக" என்றும் அவர்தான் சொல்கிறார். ஆனால் அங்கே பார்க்கச் சொல்வது வேலை செய்பவன் நேர்மை கோணாமல் இருக்கிறானா என்பதை. அவன் வேலையைத் திரும்ப ஒருமுறை நாமே செய்து பார்க்கச் சொல்லவில்லை.

பைபிளில் இன்னொரு இடம், எண்ணாகமம் 11. எழுபது மூப்பர்களுக்கு மோசேயின் பொறுப்பு பகிரப்படுகிறது. எல்தாத், மேதாத் என்ற இருவர் மற்றவர்களோடு கூடாரத்துக்கு வராமல் பாளயத்திலேயே தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். மோசேயின் உதவியாளர் யோசுவாவுக்குப் பொறுக்கவில்லை, அவர்களைத் தடுக்கச் சொல்கிறார். எனக்காக நீ பொறாமைப்படுகிறாயா, ஜனங்கள் எல்லாருமே தீர்க்கதரிசிகள் ஆனால் நல்லதுதானே என்கிறார் மோசே. பல நிறுவனங்களில் தலைவர் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தாலும் அவருக்கு அடுத்த இடத்தில் இருப்பவர் விடுவதில்லை. "உங்களைக் கேட்காமல் செய்துவிட்டான் சார்" என்று வந்து நிற்பார். அப்போது தலைவர் சொல்லும் பதிலை அலுவலகமே கவனித்துக்கொண்டிருக்கும்.

கொடுத்த முடிவு தவறாகவே போனாலும், வாடிக்கையாளர் முன்னால் அதை மாற்றாதீர்கள். அந்த ஊழியரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த மாற்றத்தையும் அவரே போய்ச் சொல்லட்டும்.