ரெண்டு கிராபிக்ஸ் காட், ஒரு படமும் இல்லை

என் லப்டொப்பில் படம் காட்ட ரெண்டு கிராபிக்ஸ் காட்: பற்றரியை மிச்சம் பிடிக்கச் சின்னது, பாரமான வேலைக்குப் பெரியது. பெரியதை அடியோடு நிறுத்தி வைத்தால், மறுபடி அதுக்கு மாற ரீஸ்டார்ட் பண்ண வேண்டுமாம். நேற்றிரவு மட்டும் மூன்று தரம் பண்ணினேன்.

மச்சாளின் கல்யாண வீடியோ. மாப்பிள்ளை வீட்டுக்காரரோடு சேர்த்து ஹோலில் பதினைந்து பேர், பிளேன்டீயும் வந்துவிட்டது. நான் வயரைக் குத்துகிறேன், டிவி ‘நோ சிக்னல்’ என்கிறது. கழற்றிக் குத்துகிறேன். நோ சிக்னல். மாமா எழும்பி வந்து, வயரின் வாயில் அடுப்பூதுவது போல ஊதித் தானும் ஒருக்கால் குத்திப் பார்க்கிறார். நோ சிக்னல். பத்து நிமிடம் போன பிறகுதான் எனக்கு மண்டையில் உறைத்தது: பகல் கரண்ட் இல்லாத நேரம் பற்றரியை மிச்சம் பிடிக்கப் பெரிய காட்டை அடியோடு நிறுத்தி வைத்தவன் நானேதான். இந்த லப்டொப்பில் எச்டிஎம்ஐ, அதுதான் டிவிக்குக் குத்தும் வயர், போகிறது அந்தப் பெரிய காட் வழியாகத்தான், அது படுத்தால் இதுவும் படுத்துவிடும். நிறுத்தும்போதே அதை ஒரு வரியில் சொன்னால் என்ன, வாயில் முத்தா உதிரும்?

சரி, மாற்றினேன். ரீஸ்டார்ட். அந்த நேரம் பார்த்து அப்டேட் வந்து முப்பது வீதத்தில் நின்று தவம் செய்கிறது. அது முடிந்தால் கறுப்புத் திரை, காற்றாடி மட்டும் திருகோணமலைச் சுவாமி மலையில் கச்சான் காற்று அடிப்பது போல இரைகிறது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து இன்னொரு ரீஸ்டார்ட். இப்போது லப்டொப்பில் படம் வந்தது, பொம்பிளையும் மாப்பிள்ளையும் இட்லி மாதிரி உப்பிப்போய்! அப்டேட் வந்து டிரைவரை, அதுதான் காட்டை ஓட்டும் மென்பொருளை, விழுங்கிவிட்டதாம். போன் டேட்டாவில் டிரைவரை இறக்கி, மறுபடி ரீஸ்டார்ட்.

ரீஸ்டார்ட் இல்லாமல், வேலையைப் பார்த்துத் தானாக மாறும் வித்தை 2010 இலேயே வந்துவிட்டது. என்னுடையதிலும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. எடிட் பண்ணும்போது சின்னதில் விக்கி விக்கி ஓடும், சும்மா பாட்டுக் கேட்டால் பெரியதை எழுப்பி மடியைச் சுடும். செட்டிங்கில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ‘ஹை பெர்போமன்ஸ்’ என்று நான் தெரிவு செய்து வைத்ததெல்லாம் யாருக்கு என்றே விளங்கவில்லை.

பத்தரைக்கு வீடியோ ஓடத் தொடங்கியபோது மாப்பிள்ளை வீட்டுக்காரர் போய்விட்டார்கள். முழித்திருந்தது மாமி மட்டும். “ஏன் தம்பி, இதைப் போனிலயே காட்டியிருக்கலாமே?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்துக்கொண்டே வெளியே வந்தால் கேற்றடியில் ஸ்கூட்டர், அதில் கொழுவியிருந்த பை கிழிந்து தொங்குகிறது. நடு றோட்டில் ரெண்டு மான், மென்றுகொண்டு என்னையே பார்க்கின்றன. வெளியூர்க்காரருக்கு டவுனுக்குள் மான் திரிவது அதிசயம், போட்டோ எடுப்பார்கள். மூன்று கட்டு வல்லாரை ஐயா. றப்பர் பாண்டை மட்டும் விட்டு வைத்திருக்கிறதுகள்.